விகிதத்துக்கான நம்பிக்கை இடைவெளி: கணக்கிடுவது எப்படி, பொருள் கொள்வது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்கள் 400 பேருக்குக் கண் பரிசோதனை செய்ததில் 144 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த எண்களைக் கொண்டே போடப்பட்டிருக்கின்றன. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

36% என்று சொன்னால் போதாதா? இடைவெளி எதற்கு?

400 பேரில் 144 பேர் என்றால் 36%. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாம் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த 400 பேரைப் பற்றி மட்டும் அல்ல. இவர்கள் எந்தப் பெரிய கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்டார்களோ அந்த முழுமைத்தொகுதியைப் பற்றி. அதே கூட்டத்திலிருந்து வேறு 400 பேரைக் குலுக்கி எடுத்திருந்தால் 139 வந்திருக்கலாம், 152 வந்திருக்கலாம். கூறு, அதாவது சாம்பிள், மாறினால் விடையும் மாறும். எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்வதற்குத்தான் இடைவெளி.

அடிப்படைக் கணக்கை எப்படிப் போடுவது?

முதலில் கூறு விகிதம்: 144 ÷ 400 = 0.36.

அடுத்து திட்டப் பிழை, அதாவது கூறு மாறும்போது விகிதம் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. விகிதத்தை (1 − விகிதம்) என்பதால் பெருக்கி, கூறின் அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √(0.36 × 0.64 ÷ 400) = √0.000576 = 0.024.

95% நம்பிக்கை மட்டத்துக்கு இதை 1.96-ஆல் பெருக்கினால் பிழை வரம்பு கிடைக்கும்: 1.96 × 0.024 = 0.047.

கடைசியாகக் கழித்தும் கூட்டியும் எழுத வேண்டும்: 0.36 − 0.047 = 0.313, 0.36 + 0.047 = 0.407. ஆக இடைவெளி 31.3% முதல் 40.7% வரை.

இதற்கு வால்ட் இடைவெளி என்று பெயர். பாடப்புத்தகங்களில் முதலில் வருவது இதுதான். தேர்வில் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் நடைமுறையில் முதல் தேர்வாக இருக்க இதற்குத் தகுதி இல்லை. ஏன் என்பது கொஞ்சம் கீழே.

இங்கே அடிக்கடி நேரும் தவறுகள்: 0.36-க்குப் பதில் 36 என்று போட்டுவிடுவது, 400-ஆல் வகுக்க மறப்பது, விகிதத்தை முன்கூட்டியே 0.4 என்று முழுமையாக்கிவிடுவது. முழுமையாக்குவதைக் கடைசி வரிக்குத் தள்ளிவையுங்கள்.

1.96 எங்கிருந்து வருகிறது? 90%, 99% என்றால்?

இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவ வளைவில், நடுவிலிருந்து இருபுறமும் 1.96 திட்ட விலக்க தூரத்துக்குள் 95% பரப்பு அடங்கும். 90%-க்கு 1.645, 99%-க்கு 2.576. நம் எடுத்துக்காட்டில் 90% இடைவெளி 32.1%–39.9%, 99% இடைவெளி 29.8%–42.2%. நம்பிக்கை மட்டம் கூடக் கூட இடைவெளி அகலும். எந்த மட்டம் வேண்டும் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

"95% நம்பிக்கை" என்றால் உண்மையான விகிதம் 31.3%-க்கும் 40.7%-க்கும் நடுவே இருக்க 95% வாய்ப்பு என்றுதானே பொருள்?

இல்லை. இந்தத் துறையில் இவ்வளவு பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வாக்கியம் வேறு இருக்க முடியாது.

முழுமைத்தொகுதியின் விகிதம் ஓர் எண். நமக்குத் தெரியாதே தவிர அது நிலையானது. 31.3–40.7 என்று கணக்கிட்டு முடித்த பிறகு அந்த எண் உள்ளே இருக்கிறது, அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. 95% என்பது இந்த ஒரு விடைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. விடையைத் தந்த முறைக்கு உரியது. ஒரே முழுமைத்தொகுதியிலிருந்து திரும்பத் திரும்ப 400 பேரை எடுத்து, ஒவ்வொரு முறையும் இதே வழியில் இடைவெளி போட்டால், நீண்டகாலப் போக்கில் 100-க்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான விகிதத்தை உள்ளடக்கும். 1930-களில் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் இந்தக் கோட்பாட்டை வகுத்தபோது சொன்ன பொருள் இதுவே.

இன்னும் மூன்று தவறான வாசிப்புகள் உண்டு. "95% மாணவர்கள் இந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்" என்பது ஒன்று. இடைவெளி ஆட்களைப் பற்றியதே அல்ல, ஒரு விகிதத்தைப் பற்றியது. "அடுத்த சாம்பிளின் விகிதம் இதற்குள் விழ 95% வாய்ப்பு" என்பது இன்னொன்று. அடுத்த சாம்பிளும் தன் பங்குக்கு ஆடும் என்பதால், அதே அளவுள்ள சாம்பிளுக்கு அந்த வாய்ப்பு சராசரியாக 83% அளவில்தான் இருக்கும். மூன்றாவது, இடைவெளிக்குள் உள்ள எல்லா மதிப்புகளும் ஒரே தரம் என்று நினைப்பது. 36%-க்குப் பக்கத்தில் இருப்பவை தரவோடு நன்றாகப் பொருந்துகின்றன. ஓரத்தில் இருப்பவை அரைகுறையாகப் பொருந்துகின்றன. 40.7-க்கும் 40.8-க்கும் நடுவே மதில் எதுவும் இல்லை.

"இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்றே சொல்லியாக வேண்டும் என்றால் பேய்சியன் வழி இருக்கிறது. அதில் தரவு வருவதற்கு முந்தைய அனுமானம் ஒன்றையும் வெளிப்படையாக வைக்க வேண்டும்.

எளிய சூத்திரம் எப்போது காலை வாரும்?

சாம்பிள் சிறியதாக இருக்கும்போதும், விகிதம் 0-க்கோ 1-க்கோ பக்கத்தில் இருக்கும்போதும். 20 பேரில் 1 ஆளுக்கு மட்டும் ஒரு பண்பு இருந்தால் விகிதம் 0.05, திட்டப் பிழை 0.0487, இடைவெளி −4.6% முதல் 14.6% வரை. விகிதம் எதிர்மறையாக இருக்கவே முடியாது. சூத்திரம் உடைந்துவிட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அறிகுறி வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு இதைவிட மோசம். உண்மையான விகிதம் 5% என்றே வைத்துக்கொண்டு, 20 பேர் கொண்ட சாம்பிள்களை எடுத்துக்கொண்டே போவோம். ஒருவருக்குக்கூட அந்தப் பண்பு இல்லாமல் போக 0.95-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 35.8% வாய்ப்பு. அப்போது விகிதம் 0, திட்டப் பிழை 0, இடைவெளி 0 முதல் 0 வரை. 5% வெளியே நிற்கிறது. 1, 2, 3, 4 பேர் வந்தால் இடைவெளி 5%-ஐப் பிடித்துவிடும். 4 பேர் வரும்போது கீழ் எல்லை 2.5%, பிடித்துவிட்டது. 5 பேர் வந்தால் கீழ் எல்லை 6%, தவறிவிட்டது. 5 அல்லது அதற்கு மேல் வர 0.26% வாய்ப்பு. எல்லாவற்றையும் சேர்த்தால், "95%" என்று பெயர் சூட்டிய இடைவெளி உண்மையில் பிடிப்பது 63.9% தடவைதான்.

சாம்பிளை 100 ஆக்கினால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உண்மை விகிதம் 2% என்றால், 100 பேரில் ஒருவர்கூட வராமல் போக 13.3% வாய்ப்பு. அந்த ஓர் இடத்திலேயே 95% கைவிட்டுப் போய்விடுகிறது.

"பண்பு உள்ளவர்கள் குறைந்தது 10, இல்லாதவர்கள் குறைந்தது 10" என்ற விதியைப் பல புத்தகங்கள் தருகின்றன. சில 5 என்கின்றன. 30 பேர் இருந்தால் போதும் என்பது சராசரிக்குச் சொல்லப்படும் விதி. அதை விகிதத்துக்கு இழுத்து வரக் கூடாது.

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது?

வில்சன் இடைவெளி. எட்வின் வில்சன் 1927-இலேயே தந்துவிட்டார். வால்ட் முறை, திட்டப் பிழையைக் கையில் உள்ள விகிதத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அந்த விகிதம் 0 ஆனால் பிழையும் 0 ஆகிவிடுகிறது. வில்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எந்தெந்த உண்மை விகிதங்கள் இருந்தால், நாம் கண்ட விடை 1.96 திட்டப் பிழைக்குள் வந்திருக்கும்? ஒவ்வொரு உண்மை விகிதத்துக்கும் அதற்குரிய திட்டப் பிழையையே கொண்டு கணக்கிட்டால் இருபடிச் சமன்பாடு ஒன்று வரும். அதன் இரு மூலங்கள்தான் எல்லைகள்.

95%-க்குக் கையால் போட:

மையம் = (பண்பு உள்ளவர்கள் + 1.92) ÷ (மொத்தம் + 3.84)

பாதி அகலம் = 1.96 × √(மொத்தம் × விகிதம் × (1 − விகிதம்) + 0.96) ÷ (மொத்தம் + 3.84)

144-க்கும் 400-க்கும்: மையம் 145.92 ÷ 403.84 = 0.3613. வேருக்குள் 92.16 + 0.96 = 93.12, வர்க்கமூலம் 9.65, பாதி அகலம் 0.0468. இடைவெளி 31.4%–40.8%. வால்ட் விடையோடு கிட்டத்தட்ட ஒன்று.

20-இல் 1 என்ற கணக்கில்தான் வித்தியாசம் தெரியும்: மையம் 0.1225, பாதி அகலம் 0.1136, இடைவெளி 0.9%–23.6%. எதிர்மறை எல்லை இல்லை. இடைவெளி 5%-ஐச் சுற்றிச் சமச்சீராக இல்லாததைக் கண்டு பயப்பட வேண்டாம். 5%-க்குக் கீழே போக இடம் கொஞ்சம்தான், மேலே நிறைய. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"துல்லியமான" முறை என்று ஒன்று சொல்கிறார்களே?

கிளாப்பர்–பியர்சன் முறை, 1934. இயல்நிலைத் தோராயத்தை விட்டுவிட்டு ஈருறுப்புப் பரவலையே (இத்தனை பேரில் இத்தனை பேருக்குப் பண்பு இருக்கும் வாய்ப்பைத் தரும் பரவல்) நேரடியாகப் பயன்படுத்துகிறது. 20-இல் 1 என்றால் 0.1%–24.9% தரும். பிடிக்கும் விகிதம் ஒருபோதும் 95%-க்குக் கீழே போகாது. அதற்கு விலையாக, தேவைக்கு மேல் அகலமான இடைவெளி வரும். பாதுகாப்பு முக்கியமான இடங்களில், மருந்துப் பரிசோதனை போன்றவற்றில், இந்த அகலம் ஏற்கத்தக்கதே. மற்ற இடங்களில் வில்சன் போதும்.

கையால் விரைவாகப் போட அக்ரெஸ்டி–கூல் (1998) வழி உதவும்: பண்பு உள்ளவர்களில் 2, இல்லாதவர்களில் 2 சேர்த்துவிட்டு வால்ட் கணக்கையே போடுங்கள். 20-இல் 1 என்பது 24-இல் 3 ஆகும். இடைவெளி −0.7% முதல் 25.7% வரை, கீழ் எல்லையை 0 என்று வெட்டிக்கொள்ள வேண்டும். 2001-இல் பிரவுன், காய், தாஸ்குப்தா மூவரும் முறைகளை ஒப்பிட்டு, சாம்பிள் 40 அல்லது அதற்குக் கீழே என்றால் வில்சன் அல்லது (பேய்சியன் வழியில் வரும்) ஜெஃப்ரீஸ் இடைவெளியைப் பரிந்துரைத்தார்கள்.

ஒருவர்கூட இல்லை என்றால்? 150 பேரில் 0.

விகிதம் 0 என்று எழுதி முடித்துவிடக் கூடாது. இதற்கு "மூன்றின் விதி" என்று ஒன்று இருக்கிறது: 3 ÷ 150 = 2%. உண்மை விகிதம் அதிகபட்சம் 2% இருக்கலாம் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 150 பேரிலும் பண்பு இல்லாமல் போகும் வாய்ப்பு 5%-ஆக இருக்கும்படி விகிதத்தைத் தேடினால் 1.98% வரும், 0.05-இன் இயல் மடக்கை −2.996 என்பதால் 3 என்ற எண் கிடைத்தது. இது ஒருபக்க எல்லை. இருபக்க கிளாப்பர்–பியர்சன் இடைவெளியின் மேல் எல்லை 2.4%. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

ஒருபக்க எல்லையை எப்போது எடுக்கலாம்?

கேள்வியே ஒரு பக்கம் பார்த்ததாக இருந்தால் மட்டும். கிட்டப்பார்வை 40%-க்குக் கீழே இருக்கிறதா என்று கேட்டால், இருபக்க 95% இடைவெளியின் மேல் எல்லை 40.7%, சொல்ல முடியாது. ஒருபக்க 95% மேல் எல்லை 0.36 + 1.645 × 0.024 = 39.9%; சொல்லலாம் போலத் தெரியும். இங்கேதான் நேர்மை வேண்டும். இருபக்கத்தைப் போட்டுப் பார்த்து, விடை பிடிக்காமல் ஒருபக்கத்துக்கு மாறினால் அந்த 95% பொய்யாகிவிடும்.

1.96 போன்ற இசட் மதிப்புக்குப் பதில், சராசரிக்குப் பயன்படும் டி மதிப்பைப் போடலாமா?

வேண்டாம். சராசரியைக் கணக்கிடும்போது திட்ட விலக்கம் தனியாக மதிப்பிடப்படுகிறது. அந்தக் கூடுதல் நிச்சயமின்மைக்காக டி பரவல். விகிதத்தில் திட்ட விலக்கம் விகிதத்தைக் கொண்டே தீர்மானமாகிறது. சிறிய சாம்பிளுக்கு மருந்து டி அல்ல, வில்சன்.

எத்தனை பேரை எடுக்க வேண்டும்?

விரும்பும் பிழை வரம்பை முதலில் முடிவு செய்யுங்கள். அளவு = 1.96² × விகிதம் × (1 − விகிதம்) ÷ பிழை வரம்பு². விகிதம் பற்றி எதுவும் தெரியாவிட்டால் 0.5 போடுங்கள், அப்போதுதான் பெருக்கற்பலன் உச்சத்தில் இருக்கும், அளவு குறைந்துவிடாது.

±5 சதவீதப் புள்ளிக்கு 385 பேர், ±3-க்கு 1,068, ±2-க்கு 2,401, ±1-க்கு 9,604. எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

விகிதம் 10% அளவில் இருக்கும் என்று முந்தைய ஆய்வுகளிலிருந்து தெரிந்தால் ±3-க்கு 385 பேரே போதும். பதில் தராதவர்களுக்கும் இடம் விடுங்கள்: 60% பேர்தான் பதிலளிப்பார்கள் என்றால், 385 பதில்களுக்கு 642 பேரை அணுக வேண்டும். இப்படிச் செய்தால் எண்ணிக்கைதான் நிரம்பும்; பதில் தராதவர்கள் வேறு மாதிரியானவர்களாக இருந்தால் அதனால் விடை ஒரு பக்கமாகத் தவறும் சாய்வு அப்படியே இருக்கும்.

மக்கள்தொகை பெரிதானால் சாம்பிளும் பெரிதாக வேண்டாமா?

வேண்டாம். சூத்திரத்தில் மக்கள்தொகையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 10 லட்சம் பேருக்கும் 10 கோடிப் பேருக்கும் ±3-க்கு அதே 1,068 பேர்தான்.

எதிர்த்திசையில் மட்டும் திருத்தம் உண்டு. சாம்பிள், முழுமைத்தொகுதியில் 5%-ஐத் தாண்டினால் திட்டப் பிழையை √((மொத்தத் தொகை − சாம்பிள்) ÷ (மொத்தத் தொகை − 1)) என்பதால் பெருக்கலாம். மொத்த மாணவர்களே 1,200 பேர் என்றால் √(800 ÷ 1,199) = 0.817, பிழை வரம்பு 4.7-இலிருந்து 3.8 ஆகக் குறையும்.

மாணவர்களைத் தனித்தனியாகக் குலுக்காமல், 20 வகுப்புகளை எடுத்து வகுப்புக்கு 20 பேரைப் பரிசோதித்தால்?

அப்போது 400 என்பது 400 அல்ல. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் வயதிலும் பழக்கத்திலும் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். 20-ஆவது மாணவர் தரும் புதுத் தகவல் குறைவு. வடிவமைப்பு விளைவு = 1 + (வகுப்புக்கு எத்தனை பேர் − 1) × வகுப்புக்குள் ஒட்டுறவு (ஒரே வகுப்பினர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு). ஒட்டுறவு வெறும் 0.05 என்றாலும் 1 + 19 × 0.05 = 1.95. பயனுள்ள அளவு 400 ÷ 1.95, ஏறத்தாழ 205 பேர். பிழை வரம்பு 4.7-இலிருந்து 6.6 ஆகிறது. களஆய்வு அறிக்கைகளில் அடிக்கடி விடுபடும் திருத்தம் இது. விட்டுவிட்டால் இடைவெளி இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

இரண்டு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வேறுபாடு இல்லை என்று பொருளா?

அவசியம் இல்லை. இன்னொரு குழுவில் 400-க்கு 176, அதாவது 44% என்போம். அதன் இடைவெளி 39.1–48.9. முதல் குழுவின் 31.3–40.7 அதோடு படிகிறது. ஆனால் கேள்வி வேறுபாட்டைப் பற்றியது என்றால் வேறுபாட்டுக்கே இடைவெளி போட வேண்டும். இரு திட்டப் பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.0345. வேறுபாடு 8 புள்ளி, இடைவெளி 1.2 முதல் 14.8 வரை. 0 உள்ளே இல்லை; வேறுபாடு இருக்கிறது. படியாமல் விலகி நின்றால் வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். படிந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஒரே கருத்துக்கணிப்பில் இருவருக்கு இடையிலான முன்னிலைக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. ஒருவருக்குப் போகும் வாக்கு மற்றவருக்குப் போகாது. 1,000 பேரில் ஒருவர் 46%, மற்றவர் 42% என்றால், முன்னிலையின் திட்டப் பிழை √((0.46 + 0.42 − 0.04²) ÷ 1,000) = 0.0296, பிழை வரம்பு ±5.8 புள்ளி. செய்தியில் "±3%" என்று போட்டிருப்பதை 4 புள்ளி முன்னிலையோடு ஒப்பிட்டு முடிவு கட்டுவது இதனால்தான் தவறு.

பிழை வரம்பு எல்லாப் பிழைகளையும் உள்ளடக்குமா?

குலுக்கலால் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டுக்கு 43%, அவரை எதிர்த்த வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. சூத்திரத்தில் போட்டால் பிழை வரம்பு 0.07 புள்ளியைக்கூடத் தொடாது. ரூஸ்வெல்ட் பெற்றதோ சுமார் 61%. பெயர்கள் தொலைபேசிக் கையேடு, கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பதிலே தரவில்லை. சாம்பிளைப் பெரிதாக்கினால் இடைவெளி குறுகும், சாய்வு நகராது. விரும்பியவர்கள் வந்து சொடுக்கிவிட்டுப் போகும் இணைய வாக்கெடுப்புக்கு "±2%" போடுவதும் இதே தவறுதான். குலுக்கலே இல்லாத இடத்தில் சூத்திரத்துக்கு வேலை இல்லை.

மென்பொருளில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது எந்த முறையை எடுக்கிறது என்பதை. ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியில் பைனாம்.டெஸ்ட் (binom.test) கிளாப்பர்–பியர்சன் இடைவெளியைத் தரும். பிராப்.டெஸ்ட் (prop.test) வில்சன் தரும். ஆனால் தொடர்ச்சித் திருத்தத்தையும் (எண்ணிக்கை முழு எண்களாகத் தாவுவதை ஈடுசெய்யும் சிறு திருத்தம்) சேர்த்துவிடும். கையால் போட்ட விடையோடு ஒத்துவராமல் பலர் திணறுவது இங்கேதான். அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டால் ஒத்துவரும். பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பு தானாக எடுப்பது வால்ட் முறையை. வில்சன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். எக்செலின் கான்ஃபிடன்ஸ்.நார்ம் சராசரிக்கானது. திட்ட விலக்கம் கேட்கும் இடத்தில் 0.36 என்று விகிதத்தைப் போட்டால் 0.035 என்று தவறான விடை வரும். √(0.36 × 0.64) = 0.48 போட வேண்டும், அப்போதுதான் 0.047.

அறிக்கையில் எப்படி எழுதுவது?

எண்ணிக்கை, விகிதம், இடைவெளி, நம்பிக்கை மட்டம், முறை, சாம்பிள் எடுத்த விதம் எல்லாம் இருக்க வேண்டும்: "எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்த 400 மாணவர்களில் 144 பேருக்கு (36%) கிட்டப்பார்வை இருந்தது, 95% நம்பிக்கை இடைவெளி 31.4%–40.8%, வில்சன் முறை." ஒரு தசம இடம் போதும். உட்பிரிவுகளைத் தனியாகச் சொன்னால் அவற்றுக்கும் தனி இடைவெளி போடுங்கள். 400 பேரில் ஒரு பிரிவினர் 60 பேர் மட்டுமே என்றால் அவர்களுக்கான பிழை வரம்பு 13 புள்ளிவரை போகலாம்.